முதல் கட்டம்

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
முதலாவதில், அதற்கு முன்பு நடந்தது.
இரண்டாவதில், அது.
மூன்றாவதில், பிறகு யார் என்ன செய்தார்கள்.
‘கோபம்’ என்று எழுதக் கூடாது.
‘வேண்டுமென்றே’ என்று எழுதவே கூடாது.
கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள் என்று
டுலூத் நகரத்தின் ஒன்பது வீடுகளில்
பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெண்டல் காங்கஸ். வயது நாற்பத்தாறு.
‘பேச்சு இல்லை’ என்கிறது கோப்பு.
எனக்குத் தெரிந்து அவருக்கு நான்கு விதமான ‘ம்’ உண்டு.
தாது ஏற்றிய கப்பல்
தூக்குப்பாலத்தைத் திறக்கச் சொல்லி ஊதும்போது
அவர் பதிலுக்குச் சொல்லும் ‘ம்’
அந்தக் கணக்கில் சேராது.

அக்டோபரில் தட்டுகள் உடைய ஆரம்பித்தன.
பிறகு கண்ணாடிக் கதவு.
பிறகு தேடியஸின் மூக்குக்கண்ணாடி.
தன் மணிக்கட்டைத் தானே கடித்த தழும்பு,
ஆறாத பிறைமேல் இன்னொரு பிறை.

கடைவாய்ப் பல்லைச் சந்தேகித்தேன்.
மலச்சிக்கலை, புது மாத்திரையை,
பாத்திரம் கழுவும் இயந்திரம் முடித்ததும் போடும் கீச்சொலியை,
பின்பக்கமாக வரும் பனி அள்ளும் வண்டியை,
கோழிக்கறி வைத்த ஒரு செவ்வாய்க்கிழமையை.
ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியேற்றினோம்.
தட்டுகளை மெலமைனுக்கு மாற்றினோம்.
மெலமைன் உடையாது.
நன்றாகப் பறக்கும்.

பிற்பகல் பணியில் லோர்னா போலியூ.
எறும்பு ஊர்ந்தது போல எழுத்து,
நான் போட்டுத் தந்த கோடுகளைத் தாண்டித் தாளின் ஓரம் வரை போகும்.
ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
ஆறு வாரத் தாள்களைச் சமையல் மேசையில் பரப்பிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் எனக்குக் காபி ஊற்றினார்.

முதல் கட்டம் மட்டும் படித்தேன்.
‘சாம்பல் நிற சுபாரு வாசலில் நின்றது.’
‘சுபாரு.’
‘சுபாரு. பரீட்சை அட்டையோடு ஒருவர் இறங்கினார்.’
நடுவில் ஒரு வாரம், நான் காய்ச்சலில் கிடந்த வாரம்:
‘எதுவும் இல்லை. மூன்று பான்கேக் சாப்பிட்டார்.’

கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதச் சொன்னவள்
நான்தானே.

அன்றிரவு கோப்பின் அடிவரை போனேன்,
ஊசி துருவேறித் தாளைத் தின்ற பக்கங்கள் வரை.
ஏழு வீடுகள்.
ஹிப்பிங், பெமிட்ஜி, க்ளோக்கேயில் மட்டும் இரண்டு.
ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும்
என் வேலையில் இருந்த யாரோ ஒருவரின் கையெழுத்து,
அதற்கு மேல் ‘இடமாற்றம் பரிந்துரைக்கப்படுகிறது.’
யாராவது அட்டையோடு வருவார்கள்.
மூலையில் உட்கார்ந்து, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து எழுதுவார்கள்.
பிறகு அவர் துணிமணி
கறுப்புக் குப்பைப் பைகளில் ஏறும்.

தூண்டுதல் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.
மேலதிகாரி க்வென்டலின் ஸ்வாப் தொலைபேசியில் சிரித்தார்.
அப்புறம் சிரிப்பை நிறுத்தி,
அப்படியானால் உன் மணிக்கணக்கை
யார் தலையில் எழுதுவது என்று கேட்டார்.

இப்போது காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துகிறேன்.
வெறுங்கையோடு நடந்து போய்
லோர்னாவோடு கேரட் சீவுகிறேன்.
முதல் நாள் வெண்டல் வந்து
என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பனிரெண்டாம் நிமிடம்
கொக்கியிலிருந்து என் கோட்டை எடுத்து
மடியில் வைத்தார்.

அது ஒரு முழு வாக்கியம்.
பாதிக் கேரட்டோடு எழுந்தேன்.
மூன்றாவது கட்டத்தில் அன்று ஒரே சொல்: ‘போனார்.’
அந்த நிமிடமே போனேன் என்பதை
லோர்னா அடிக்கோடிட்டிருந்தார்.

போன வாரம் பதினேழு நிமிடம்.
அதற்கு அடுத்த முறை ஒன்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு பறந்திருக்கிறது,
குளிர்பெட்டியின் கைப்பிடி வளையும் அளவுக்கு.
நான் அன்று ஊரிலேயே இல்லை.
முதல் கட்டத்தில்
‘தெரியவில்லை’ என்று இருந்தது.
அதற்குக் கீழே, ஓரத்தில், எறும்பு எழுத்தில்:
‘நீங்கள் இல்லை.’